சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது

இன்று உங்கள் கணினி கிளம்பியிருந்தால், மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். குடும்பப் படங்கள், கணக்கு வழக்கு, பாதியில் நிற்கும் புராஜெக்ட் என எதுவானாலும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, கேபிளைக் கழற்றித் தனியே வையுங்கள். விட்டுவிட்டுக் கிளம்பும் கணினி என்றைக்கு ஒரேயடியாகப் படுத்துவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாம் செய்யப்போகும் சோதனைகளிலும் மின்சாரத்தைப் பலமுறை அணைத்துப் போட வேண்டியிருக்கும். அது டிஸ்க்குக்கு நல்லதல்ல.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பு மாறினால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டு விழுந்த பிறகு அந்தக் கணினியில் அதைத் தேட முடியாது.

அடியோடு கிளம்பாத கணினியில் ஒரு பாகத்தை மாற்றினால் விடை அங்கேயே தெரிந்துவிடும். விட்டுவிட்டுக் கிளம்புவதில் அந்த வசதி இல்லை. ராமைக் கழற்றி மாட்டினோம், கிளம்பியது, ஆகவே ராம்தான் கோளாறு என்று முடிவுகட்டுகிறோம். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கறுப்புத் திரை. ராமைத் தொடாமலே இருந்திருந்தாலும் அன்று அது கிளம்பியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. கடைசியாக எதைத் தொட்டோமோ அதற்குப் புகழ் போய்ச் சேர்கிறது. நல்ல ராமும் நல்ல மதர்போர்டும் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து முறைக்கு ஒரு முறை கிளம்பாத கணினி ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் எதையுமே சரிசெய்யவில்லை. அப்படியே அது தொடர்ந்து 5 முறை ஒழுங்காகக் கிளம்ப ஏறத்தாழ 33 சதவீத வாய்ப்பு உண்டு. தொடர்ந்து 10 முறை கிளம்பவும் 10 சதவீதத்துக்குச் சற்று மேலே வாய்ப்பு இருக்கிறது. 15 முறை என்று வைத்தால்தான் அது 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். இந்த அத்தியாயம் முழுவதற்கும் அளவுகோல் இதுதான்: சராசரியாக எத்தனை முறைக்கு ஒன்று தவறுகிறதோ, அதைப்போல் மூன்று மடங்கு தவறாமல் கிளம்பினால் மட்டும் கோளாறு போய்விட்டது என்று நம்புங்கள். அதுவும் எந்தச் சூழலில் தவறுமோ அதே சூழலில் கிளம்ப வேண்டும். காலையில் மட்டும் தவறும் கணினியைப் பிற்பகலில் 15 முறை ஆன் செய்து பார்த்துப் பயனில்லை.

ஒவ்வொரு சந்தேகத்துக்கும் 15 காலைகள் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால்தான் கோளாறை நீக்கும் வேலையை இரண்டாவதாக வைத்துக்கொள்கிறோம். முதல் வேலை, நாம் விரும்பியபோது அதை வரவழைக்கக் கற்றுக்கொள்வது. நினைத்த நேரத்தில் தவறச் செய்ய முடிந்துவிட்டால் அது சாதாரணக் கோளாறாகிவிடும்; மற்றதெல்லாம் ஒரு மாலை வேலை.

நோட்டுப் புத்தகம்

மேசையோரம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பவர் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள், ஒழுங்காகக் கிளம்பிய நாளிலும். நேரம், அதற்கு முன் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது, சுவர் சுவிட்சும் அணைந்திருந்ததா, கடைசியாக ஷட் டவுன் செய்தீர்களா ரீஸ்டார்ட்டா, என்னென்ன செருகியிருந்தன, எதுவரை போய் நின்றது. இவ்வளவு போதும். பத்துப் பதினைந்து வரி சேர்ந்ததும் ஒரு சாயல் தெரியத் தொடங்கும்.

நம் வீடுகளில் அடிக்கடி தெரியும் சாயல், நாளின் முதல் முறை மட்டும் தவறுவது. இரவு படுக்கும்முன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுவது நம் பழக்கம். சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் அதன் மின்பெட்டியான எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மதர்போர்டின் கடிகாரம் அதில்தான் ஓடும். சிமோஸ் பேட்டரிக்கு அப்போது வேலையில்லை. சுவிட்சை அணைத்ததும் அந்தச் சுமை முழுவதும் சிஆர்2032 என்ற அந்த வில்லை பேட்டரிமேல் விழுகிறது. ஆகவே தினமும் சுவிட்சை அணைக்கும் வீட்டில் அது சீக்கிரம் தீரும். தீர்ந்த பேட்டரியால் பல கணினிகளில் தேதி மட்டும் மாறும். சில மதர்போர்டுகளோ அமைப்புகளை மறந்து, கிளம்பத் திணறும்.

இதே சாயலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் காத்திருப்பு மின்சாரத்தை உண்டாக்கும் சிறு சுற்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வயதாக ஆக உலர்ந்து, உள்தடை கூடும். குளிர்ந்திருக்கும்போது அந்தத் தடை இன்னும் அதிகம். சுவிட்சைப் போட்டவுடன் அழுத்தினால் கிளம்பாது, பத்து நிமிடம் போட்டு வைத்துவிட்டு அழுத்தினால் கிளம்பும் என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேட்டரியா எஸ்எம்பிஎஸ்ஸா என்று பிரித்தறிய, ஒரு வாரம் சுவர் சுவிட்சை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டே வையுங்கள். அணைத்த இரவுகளுக்கு அடுத்த காலையில் மட்டும் தவறினால், சந்தேகம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிட்டது. பேட்டரியை முதலில் மாற்றுங்கள். சில பத்து ரூபாய்தான். கழற்றியதை அளந்தால் 3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 2.7-க்குக் கீழே இருந்தால் அது போய்விட்டது. கழற்றும் முன் பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் எப்போதும் நன்றாக வருகிறது, ஷட் டவுன் செய்து மறுநாள் ஆன் செய்தால் விண்டோஸ் சின்னத்தோடு நின்றுவிடுகிறது என்பது வேறொரு சாயல். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன்படி ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உட்பகுதி முழுவதும் மூடப்படுவதில்லை. அதன் நிலை டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்து வைக்கப்படுகிறது. ரீஸ்டார்ட்தான் முழுமையாக மூடித் திறப்பது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்கினால் அன்று மட்டும் முழுமையாக அணையும். அப்படி அணைத்த நாள்களுக்குப் பிறகு தவறவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுங்கள். கேபினட்டைத் திறக்கவே வேண்டாம்.

வெளியே செருகியிருப்பவற்றையும் நோட்டுப் புத்தகம் காட்டிக்கொடுக்கும். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் சிலவற்றிலிருந்து கணினிக்குள் மின்சாரம் திரும்பி வரும். மானிட்டரிலிருந்தும் வரலாம்: தரநிலைப்படி டிஸ்பிளேபோர்ட் கேபிளின் 20-ஆம் பின்னில் கம்பி இருக்கக் கூடாது, மலிவான சில கேபிள்களில் இருக்கிறது. அதன் வழியே மானிட்டரின் 3.3 வோல்ட் கிராபிக்ஸ் கார்டுக்குள் போய், மதர்போர்டை முழுமையாக அணையவிடாமல் அரைகுறை நிலையில் வைத்திருக்கும். இரவில் மானிட்டரை அணைத்தால் மறுநாள் கிளம்புகிறது, அணைக்காவிட்டால் திணறுகிறது என்று உங்கள் நோட்டில் தெரிந்தால், அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

யூபிஎஸ், ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பலகை இவற்றையெல்லாம் தாண்டி நேராகச் சுவர் பிளக் பாயிண்ட்டில் சில நாள் மாட்டி ஓட்டுவதும் அவசியம். பிளக் பாயிண்ட்டின் துளைகள் தளர்ந்து பின் ஆடுகிறதா, எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கேபினட்டைத் தொட்டால் விரலில் மெல்லச் சுருக்கென்றிருந்தால் எர்த் சரியில்லை என்று பொருள். அதோடு மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள்.

தவறும் அந்த நேரம்

கிளம்பாத அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே தடயம். திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தி, பிளக்கைப் பிடுங்கிச் செருகி, அதை அழித்துவிடாதீர்கள். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்: ஃபேன் சுற்றுகிறதா, ஒரு கணம் சுற்றி நிற்கிறதா, எந்த விளக்கு எரிகிறது? கைப்பேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். பிறகு மல்டிமீட்டரை எடுங்கள். நல்ல மல்டிமீட்டர் ஒன்றின் விலை, தவறாக வாங்கப்போகும் ராமின் விலையைவிடக் குறைவு.

பவர் பொத்தான் எஸ்எம்பிஎஸ்ஸை நேரடியாக ஆன் செய்வதில்லை. அது மதர்போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கிறது. காத்திருப்பு மின்சாரத்தில் விழித்திருக்கும் மதர்போர்டு, 24 பின் கனெக்டரின் பச்சைக் கம்பியை எர்த்தோடு இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட்களை உண்டாக்கி, அவை நிலைப்பட்டதும் 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் சாம்பல் கம்பியில் ‘எல்லாம் சரி’ என்று சொல்கிறது. அதுவரை மதர்போர்டு பிராசஸரை ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். அதன் பிறகுதான் பயாஸ் ஓடத் தொடங்கி, ராம், கிராபிக்ஸ், டிஸ்க் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போகும். 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையின் இந்த அடிப்படை இன்றும் மாறவில்லை.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தில் வையுங்கள். சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் பின்பக்கம், கம்பி நுழையும் துளையில் மெல்ல இறக்குங்கள். இரண்டு பின்களை ஒன்றாகத் தொட்டுவிடக் கூடாது. இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் எல்லாக் கம்பியும் கறுப்பாகவே இருக்கும். அப்போது மதர்போர்டு கையேட்டின் படத்தைப் பார்த்து எண்ணைக் கொண்டு கண்டுபிடியுங்கள்: ஊதா 9-ஆம் பின், பச்சை 16, சாம்பல் 8.

ஊதாவில் எப்போதும் 4.75 முதல் 5.25 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால், மின்சாரத்தை அணைத்து 24 பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். இப்போது 5 வோல்ட் வந்தால் மதர்போர்டோ அதில் செருகிய ஏதோவொன்றோ அதை இழுத்துக் கீழே தள்ளுகிறது. இப்போதும் வரவில்லையென்றால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில்.

ஊதா சரியாக இருந்தால் பச்சைக்குப் போங்கள். சும்மா இருக்கும்போது அதில் 2 வோல்ட்டுக்கு மேல், பெரும்பாலும் 5-ஐ ஒட்டி இருக்கும். பொத்தானை அழுத்தியதும் 0.8 வோல்ட்டுக்குக் கீழே விழ வேண்டும். விழுந்தும் ஃபேன் சுற்றவில்லை என்றால் மதர்போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது, எஸ்எம்பிஎஸ் எழவில்லை. விழவே இல்லையென்றால் பொத்தானையும் அதன் கம்பியையும் பாருங்கள். மதர்போர்டின் ஓரத்தில் அந்தக் கம்பி செருகியிருக்கும் இரண்டு பின்களை, கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு இணையுங்கள். கிளம்பினால் கேபினட்டின் பொத்தான்தான் குற்றவாளி. புதுக் கேபினட் வாங்க வேண்டாம். ரீசெட் பொத்தானின் கம்பியை அந்த இரண்டு பின்களில் மாட்டிவிட்டால், இனி ரீசெட் பொத்தானே பவர் பொத்தான்.

அதே ரீசெட் பொத்தான் உள்ளே அமுங்கிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். சந்தேகம் வந்தால் அந்தக் கம்பியைச் சில வாரம் கழற்றியே வையுங்கள். அது இல்லாமல் கணினி ஓடும்.

சாம்பல் கம்பியைப் பெரும்பாலோர் அளப்பதே இல்லை. ஃபேன் சுற்றத் தொடங்கி அரை நொடிக்குள் அதில் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லையென்றால், தன் மின்சாரம் சரியில்லை என்று எஸ்எம்பிஎஸ்ஸே ஒப்புக்கொள்கிறது. மதர்போர்டு பிராசஸரை விடுவிக்காது. ஃபேன் சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தவுடன் எல்லோரும் ராமின்மேல் பாய்கிறார்கள். சாம்பல் கம்பியை அளக்கும் அந்த ஒரு நிமிடம் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எஸ்எம்பிஎஸ்ஸை நம்பலாமா

12 வோல்ட்டில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட்டில் 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட்டில் 3.14 முதல் 3.47 வரை ஏடிஎக்ஸ் முறை அனுமதிக்கிறது. இதற்கு வெளியே போனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியதுதான். ஆனால் இதற்குள் இருப்பதால் மட்டும் அது நல்லது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். 12 வோல்ட்டின்மேல் ஓடும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டையும், மற்ற இரண்டில் 50 மில்லிவோல்ட்டையும் தாண்டக் கூடாது. அதைப் பார்க்க ஆசிலாஸ்கோப் வேண்டும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் விழுந்து எழும் பள்ளமும் மல்டிமீட்டரில் தெரியாது. பழைய 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது மட்டும் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ஹார்டு டிஸ்க்குகளைக் கழற்றியதும் ஒழுங்காகக் கிளம்பும் கணினியில், குறை பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸில்தான் இருக்கும்.

பச்சையையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே ஓட்டிப் பார்க்கும் சோதனை எல்லோருக்கும் தெரிந்ததே. சுற்றாவிட்டால் அது பெரும்பாலும் செத்துவிட்டது என்று சொல்லலாம். சுற்றினால், சுமையில்லாமல் சுற்றும் என்பதற்குமேல் எதுவும் தெரியாது. நம்பகமான ஒரே வழி, நன்றாக ஓடுவதாகத் தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி, மேலே சொன்ன மூன்று மடங்குக் கணக்குப்படி ஓட்டிப் பார்ப்பது. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள மாடல் என்றால், அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு தயாரிப்பின் கேபிளை இன்னொன்றில் செருகவே கூடாது. மறுமுனை ஒன்றுபோல் இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் கம்பிகளின் வரிசை மாறும், டிஸ்க்குகள் எரிந்துபோகும்.

கேபினட்டோடு சேர்ந்தே வரும் எஸ்எம்பிஎஸ் உங்களிடம் இருந்தால், என் கணிப்பில் அதுவே முதல் சந்தேகம். மற்ற எல்லாவற்றையும்விட முன்னதாக அதைச் சோதியுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள். 230 வோல்ட் வீட்டு மின்சாரம் அதற்குள் நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட்டாகிறது. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள மாடல்களில் அது 380-ஐத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். தொட்டால் உயிர் போகலாம்.

ராம், ரப்பர், பொறுமை

ஊதா, பச்சை, சாம்பல் மூன்றும் சரி, ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை என்றால் இப்போது ராமுக்கு வரலாம். பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு எல்இடி விளக்குகள் இருக்கும். எதில் நின்றுவிடுகிறதோ அதுவரை வந்தது என்று பொருள். அந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமல்ல. ராமை இயக்கும் பகுதி பிராசஸருக்குள்தான் இருக்கிறது. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலரை ஒரு பக்கம் அதிகமாக முறுக்கியிருந்தாலும் டிராம் விளக்கு எரியக்கூடும். விளக்குகள் இல்லாத மதர்போர்டில் சிறு பீப் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டி, பீப் ஒலிகளைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எல்லாக் கறுப்புத் திரையும் கோளாறு அல்ல. டிடிஆர்5 ராம் உள்ள கணினி, முக்கியமாக 2022-இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் கணினி, புது ராம் போட்டதும் அல்லது பயாஸைப் புதுப்பித்ததும் ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அப்போது திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தால், அடுத்த முறையும் அது முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடமாவது விட்டுவைத்துப் பாருங்கள். இப்படிப் பழகியதைச் சேமித்து வைக்கும் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற தேர்வு பயாஸில் உண்டு. அது ஆனில் இருந்தால் கணினி வேகமாகக் கிளம்பும். சில ராம்களோடு அதுவே தடுமாற்றத்துக்கும் காரணமாகிறது. விட்டுவிட்டுத் தவறும் ஏஎம்5 கணினியில் அதை ஆஃப் செய்து பார்ப்பது செலவில்லாத சோதனை.

அடுத்தது, ராமை வேகமாக ஓட்டும் பயாஸ் தேர்வுகளான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ. ராம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் தரநிலைக்கு மேற்பட்ட வேகம். டிடிஆர்4 ராம் 1.2 வோல்ட்டில் ஓட வேண்டியது. எக்ஸ்எம்பி போட்டால் பலவும் 1.35-க்குப் போகின்றன. ஃபேன் சுற்றி, நின்று, மறுபடி சுற்றி, இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு கிளம்பும் கணினியில், மதர்போர்டு அந்த வேகத்தில் முயன்று தோற்று இயல்பு வேகத்துக்கு இறங்கி வருகிறது என்று கொள்ளலாம். எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மூன்று மடங்குக் கணக்கை ஓட்டுங்கள். தவறவில்லையென்றால் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்வதே நல்லது. அன்றாட வேலையில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு ஒற்றை ராம் சோதனை. நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, அதாவது ஏ2, ஒற்றை ராமுக்கு உரிய இடம். முதல் ராமை அதில் போட்டு ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் இரண்டாவது ராம். இரண்டும் தவறினால் ஸ்லாட்டையோ அதற்கும் முந்தையதையோ சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் தவறினால் அந்த ராமை. ராமையும் ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள்.

பென்சில் ரப்பரால் ராமின் தங்கப் பற்களைத் தேய்ப்பது நம் ஊர்களில் கைப்பழக்கமாகிவிட்டது. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கப் போகும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். பல நேரங்களில் வேலை செய்தது ரப்பர் அல்ல. ராமைக் கழற்றி மாட்டும்போது ஸ்லாட்டின் உலோக விரல்கள் பற்களை உரசித் தூசியையும் மெல்லிய படலத்தையும் நீக்கிவிடுகின்றன. ஐசோபிரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தோய்த்து ஒரு முறை துடைத்து, உலரவிட்டு, இருமுறை கழற்றி மாட்டினால் போதும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் ஈரமும் தூசியோடு சேர்ந்து படியும். அங்கே ஸ்லாட்டையும் புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

கிராபிக்ஸ் கார்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடை மிகுந்த கார்டு காலப்போக்கில் ஒரு பக்கம் தொங்கி ஸ்லாட்டில் தளரும். தாங்குகால் வையுங்கள், பவர் கேபிளை முழுவதும் உள்ளே அழுத்துங்கள். பிராசஸரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிவிட்டுச் சில நாள் ஓட்டலாம். டிஸ்க் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு நின்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள், எம்.2 எஸ்எஸ்டி என்றால் கழற்றி மாட்டித் திருகை முடுக்குங்கள். ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பதிவைப் பார்த்துப் பலர் கலங்குகிறார்கள். முந்தைய முறை கணினி ஒழுங்காக அணையவில்லை என்பதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. பிராசஸர் கெடுவது அரிது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றில் மின்னழுத்தச் சிக்கல் இருப்பதை அந்த நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட மாடல்களின் வாரன்டியை 2 ஆண்டு நீட்டித்தது. உங்களிடம் இருப்பது அந்தத் தலைமுறை என்றால், மின்சாரம் நம்பகமானது என்று உறுதிசெய்த பிறகு பயாஸைப் புதுப்பியுங்கள். பாதியில் அணையும் கணினியில் அதைத் தொடாதீர்கள்.

மதர்போர்டை வெளியே எடுத்தல்

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடவில்லையா? மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின்மேல் வையுங்கள். அதனோடு வந்த பளபளப்பான பையின்மேல் வைக்காதீர்கள். அதன் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பிராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர். இவ்வளவுதான் இருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஆன் செய்யுங்கள்.

இப்போது தவறாமல் கிளம்பினால் கேபினட்டுக்குள் ஏதோ இருக்கிறது. மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று, துளையில்லாத இடத்தில் அடியில் முட்டிக்கொண்டிருக்கலாம். வீட்டில் அசெம்பிள் செய்த கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். மதர்போர்டு சற்றே வளையும்போது மட்டும் ஷார்ட் ஆகும் என்பதால் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. முன்பக்க யுஎஸ்பி துளையின் உலோக நாக்கு வளைந்திருக்கலாம். பிராசஸருக்கான 8 பின் கேபிள் இழுபட்டு அரைகுறையாக நின்றிருக்கலாம். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டு வாருங்கள். ஒன்றைச் சேர்த்ததும் அடுத்ததைச் சேர்க்கும் முன் மூன்று மடங்குக் கணக்கை ஓட்டுங்கள்.

அட்டைப் பெட்டியின்மேலும் தவறினால், வேறு எஸ்எம்பிஎஸ்ஸும் வேறு ராமும் போட்டுப் பார்த்தாயிற்று என்றால், மிஞ்சியது மதர்போர்டு. கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்புக் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல மதர்போர்டுகள் உலகம் முழுக்க இப்படித்தான் போயின. இப்போது வருபவற்றில் அது குறைவு.

கடைக்குக் கொண்டுபோகும்போது

கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவானாலும் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரானாலும், மேசைமேல் வைத்து ஆன் செய்ததும் அது நன்றாகவே கிளம்பும். “நல்லாத்தானே சார் ஓடுது” என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. இரவு முழுக்க அணைந்திருந்த சுவர் சுவிட்ச், உங்கள் யூபிஎஸ், உங்கள் மானிட்டர் கேபிள் எதுவும் அந்த மேசையில் இல்லை. அதனால் கணினியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பவர் கார்டு, மானிட்டர் கேபிள், வழக்கமாகச் செருகியிருக்கும் யுஎஸ்பி பொருள்கள், தவறும்போது எடுத்த வீடியோ, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். “ராத்திரி சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, காலையில கடை திறந்ததும் முதல்ல ஆன் பண்ணிப் பாருங்க” என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சூழலில் தவறும் என்று உங்களால் சொல்ல முடிந்தால், பாகத்தை மாற்றித் தர வாரன்டி பிரிவு மறுப்பது கடினம்.

மாற்றிய பாகத்தின் பில்லையும் பழைய பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். பக்கவாட்டு மூடியைத் திருகாமல் சாத்தி மட்டும் வைத்து, முன்பு தவறிய அதே சூழலில் மூன்று மடங்குக் கணக்குப்படி கிளம்பியதை நோட்டில் குறித்த பிறகு திருகை முடுக்குங்கள்.